நேர்ச்சை நடையும் மனவடுவும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் மேல் பேரிடி விழுந்தால், கொஞ்ச நாளில் யாராவது நேர்ச்சையைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாதயாத்திரை, புரட்டாசிச் சனிக்கிழமை இவ்வட்டாரத்துத் திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாள் மலைப்படி, ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏற்றம், ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர்வடம் என எல்லாமே உடம்பைக் கேட்கும் நேர்ச்சைகள். இவற்றைப் பக்தியின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறோம். அதிர்ச்சியில் உறைந்த உடலை மறுபடி இயங்கவைத்த வழக்கங்களாகவும் இவற்றைப் படிக்க வேண்டும் என்பேன். பக்கத்துச் சிவகாசி வட்டாரத்தில், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அப்படியொன்றைக் கண்டு பிழைத்தவருக்குக் கதவு படீரென்று சாத்தினாலே நெஞ்சு படபடக்கலாம். தூக்கம் கெடும், வாசல் தாண்டவே மனம் வராது. மனவடு என்பது இதுதான். நேர்ச்சை அவருக்கு ஒரு நாளையும் ஒரு பாதையையும் கூட வரும் ஆட்களையும் குறித்துக் கொடுக்கிறது. மலையேறும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். ஆனால் ஆபத்து ஏதும் வருவதில்லை. படபடப்பெல்லாம் சாவின் அறிகுறி அல்ல என்று உடம்பு அங்கே பழகிக்கொள்கிறது.

தேற்றுவது நம்பிக்கைதானே, கால்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நம்பிக்கையின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் சாமியே இல்லாத இடத்திலும் பலன் தெரிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மனவடுவுக்காக மருத்துவமனையில் இருந்த 81 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு 12 வாரம் தசைப்பயிற்சியும் நடையும் சேர்த்துக்கொண்டவர்கள், சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடம் நடந்த ஆய்வில், யோக மூச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்கு, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட மனவடுவின் தொல்லை வெகுவாகக் குறைந்தது. மூச்சுப் பயிற்சியும் மலையேற்றமும் ஒன்றல்ல. உடல் வழியாகவும் மனத்தை அணுகலாம் என்ற அளவுக்கு அது சாட்சி.

அப்படியானால் மருத்துவர் எதற்கு, கோயிலே போதுமே என்பவர்களோடு எனக்குக் கடுமையான மாறுபாடு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள் 28 பேர், கட்டிய சங்கிலியோடு தீயில் கருகினார்கள். சிகிச்சையின் இடத்தில் நம்பிக்கையை மட்டும் உட்காரவைத்ததன் விலை அது. ஆஸ்திரேலியாவிலும் பயிற்சி சிகிச்சைக்குத் துணையாகத்தான் நின்றது. எல்லோருக்கும் ஒரே மலை ஒத்துவருவதும் இல்லை. 2015 மே மாதம் சதுரகிரியில் வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரைப் பலிகொண்டது. அதைக் கண்முன் பார்த்தவருக்கு அந்தப் பாதையே காயம். அவரை அமாவாசைக் கூட்டத்தோடு அனுப்பிவிடாமல், முதலில் கண்மாய்க்கரையில் சமதளமாக நடக்கவிட்டு, எப்போது தாணிப்பாறை, யார் துணை என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க மனநல ஆலோசகர் ஒருவர் வேண்டும்.