யார் கூற்று?

அகப்பாடல் ஒன்றைக் கையிலெடுத்ததும் நம் முன்னோர் முதலில் எழுப்பிய வினா, இது யார் கூற்று என்பதாகும். பொருள் பின்னர், பேசுவோர் முன்னர். தொல்காப்பியச் செய்யுளியல் இதற்கு வரம்பும் வகுத்துள்ளது. களவொழுக்கத்தில் பேசுதற்குரியார் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்னும் அறுவர். கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் உடன் சேர்வர். ஊராரும் அயலாரும் தந்தையும் தமையனும் நேரே வாய்திறவார். அவர் மொழிந்ததாகப் பிறர் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. வீட்டின் தலைவனாகிய தந்தைக்கே கவிதையில் பேச இடமில்லை என்பது எண்ணி வியத்தற்குரியது!

இத்தகைய மரபில் வந்த நம் பிள்ளைகள், வெளிமாநிலப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ‘பாயிண்ட் ஆஃப் வியூ’ என்று கரும்பலகையில் எழுதும்போது, அதனை மேனாட்டார் கண்டுபிடித்த புதுச்சரக்கு என்று கருதிவிடுகின்றனர். உரைநடைக் கதை நமக்குப் பிற்காலத்து வரவுதான். ஆயின் இந்த வினா பழையது.

தமிழின் முதல் நாவலே தன்மைக் கூற்றில் பிறந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சேறியது. பிரதாபனே தன் வரலாற்றைக் கூறுகிறான். பாட்டியின் செல்லத்தால் படிப்பில் பிந்திய தன்னைத் தானே எள்ளி நகையாடுகிறான். தான் காணாதவற்றைப் பிறர் வாயிலாகக் கேட்டே நமக்குச் சொல்ல வேண்டியவனாகிறான். 1893-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்திலோ ஆசிரியர் எவர் மனத்திலும் தாராளமாய் நுழைந்து வருகிறார், இடையிடையே நம்மோடு பேசியும் சிரித்தும் போகிறார்.

எனினும், மாணாக்கர்க்கு இதனைக் கற்பிக்க நான் எடுத்துக்கொள்வது வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’. புதுச்சேரியில் அவர் வாழ்ந்த காலத்தில், 1915-இல் வெளிவந்த சிறுகதை இது. கதை சொல்வது ஒரு மரம்! தாகூர் 1884-இல் எழுதிய ‘காட்டேர் கதா’வில் கங்கைக் கரையின் படித்துறை கதை சொல்வதையும், இரண்டிலும் பெண்ணொருத்தி நீரில் மறைவதையும் ஆய்வாளர் பலர் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். கல்கத்தாத் தமிழர் பெருமைப்படத்தக்க தொடர்பு இது. கடன் வாங்கியதாகவே வைத்துக்கொண்டாலும் குறையொன்றுமில்லை. வங்கப் படித்துறை நினைவுகூர்கிறது. நம் அரசமரமோ உள்ளம் உருகி அழுகிறது.

ருக்மிணியின் தந்தை காமேசுவரையர் அர்பத்நாட் கம்பெனி முறிவில் செல்வம் இழக்கிறார். 1906-இல் சென்னையில் மெய்யாகவே முறிந்த வணிக நிறுவனம் அது. செல்வம் போனதும் சம்பந்தி வீட்டார் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கின்றனர். அவன் இசைவது போல் நடித்து, இறுதி நேரத்தில் அவர்களை ஏமாற்றி ருக்மிணியிடமே திரும்பத் திட்டமிடுகிறான். அந்த இரகசியத்தை நண்பன் சீனிவாசனிடம் கூறுகிறான். அது மரத்தின் செவியில் விழுகிறது. ருக்மிணியின் செவியை எட்டவில்லை. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இக்கதையைப் படித்து முடித்தபோது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “மரத்துக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் அவளிடம் சொல்லவில்லை?” மற்றவர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயர் மரத்தைத் தேர்ந்ததன் காரணம் முழுவதும் அவ்வினாவில் அடங்கியிருந்தது. யாவும் கேட்டும் ஒன்றும் செய்யவியலாத ஒருவர் கூறினாலன்றி அத்துயரம் அத்துணை கனக்காது. ஆசிரியரே படர்க்கையில் கூறியிருப்பின், நாகராஜனின் குறும்புத்தனம் ஒரு செய்தியாக நின்றிருக்கும்.

அடுத்த வாரம் இலக்கணம் பேசுவதை விடுத்து, அதே கதையை வேறொருவர் கூற்றாக எழுதி வரச் சொன்னேன். மாமியார் ஜானகியின் கூற்றாக எழுதியவர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு பிழை செய்தனர்; மகன் நடிக்கிறான் என்பது ஜானகிக்குத் தெரியும் என்பதுபோல் எழுதிவிட்டனர். “அவருக்கு இது எப்படித் தெரியும்?” என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பினேன். நோக்குநிலை பற்றிய பாடநூல் விளக்கம் எதனினும் அவ்வொரு கேள்வி மிகுதியாகக் கற்பித்தது. வினா எழுப்பிய சிறுமி சீனிவாசன் கூற்றாக எழுதியிருந்தாள். அவனுக்கு வாய் இருந்தது, இரகசியமும் தெரிந்திருந்தது. அரைப்பக்கத்திற்குமேல் அவளால் எழுத இயலவில்லை.

வளர்ந்த மாணாக்கர்க்கு ஜெயகாந்தனைத் தருகிறேன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் கதாநாயகியைப் பற்றி ஆசிரியர் கூறுகிறார். தாய் தலையில் நீர் வார்த்து மகளை ஏற்றுக்கொள்கிறாள். பெருஞ்சர்ச்சை எழுந்தது. 1970-இல் நூலாகி, 1972-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்கா தானே பேசுகிறாள். இங்கே தாய் மறைக்கவில்லை, ஊரறிய அலறிவிடுகிறாள். பல ஆண்டுகள் கழித்து, தன் வாழ்வைப் போன்றதொரு கதையை, வேறு முடிவோடு, கங்கா பத்திரிகையில் படிக்கிறாள். எழுதப்பட்டவளே எழுதியவரின் கதையை எடுத்துப் படிக்கும் அவ்விடத்தை மட்டும் வகுப்பில் இருமுறை உரக்கப் படிக்கச் சொல்வது என் வழக்கம்.