மீன் எதை முகர்ந்தது?

1922 அக்டோபர் 7. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில், கேபுத் என்ற ஊருக்கு அருகே, ஜார்ஜினா பாலன்டைன் தன் அப்பாவோடு படகில் இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு சால்மன் தூண்டிலைக் கவ்வியது. அது இழுத்த இழுப்புக்கெல்லாம் ஈடுகொடுத்து, நன்றாக இருட்டிய பிறகுதான் படகில் ஏற்ற முடிந்தது. எடை 64 பவுண்டு, நம் கணக்கில் 29 கிலோ. பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் இன்றுவரை அதுதான் சாதனை. மீன் பெர்த் நகர மருத்துவமனைக்குப் போனது. அதன் வார்ப்பு உருவம் மாலக் என்பவரின் தூண்டில் கடைச் சன்னலில் வைக்கப்பட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள், ஒரு பெண்ணாவது இதைப் பிடிப்பதாவது, பொய் என்று பேசிக்கொண்டதைப் பின்னால் நின்று கேட்டதாக ஜார்ஜினாவே எழுதியிருக்கிறார். தனக்குள் சிரித்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டாராம்.

அடுத்த ஆண்டு வை ஆற்றில் டோரீன் டேவி 59½ பவுண்டு மீனைப் பிடித்தார். 1924இல் டெவரன் ஆற்றில் திருமதி மோரிசன் 61 பவுண்டு மீனைப் பிடித்தார். அதுவும் ஃப்ளையில். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகு, முடி, பட்டுநூல், சரிகை எல்லாம் சுற்றிக் கையால் கட்டும் பொய்ப்பூச்சி. புழுவோ மீன்துண்டோ அதில் இருக்காது. பிரிட்டனில் ஃப்ளையில் பிடித்த சால்மன்களில் பெரியது மோரிசனுடையதே.

மூன்று ஆண்டுகளில் மூன்று பெண்கள். எடைபோட்ட மீனைப் பொய் என்று சொல்ல முடியாது. அப்போது இன்னொரு விளக்கம் தேவைப்படுகிறது.

அந்த விளக்கம் 1990இல் புத்தகமாகவே வந்தது. வில்மா பேட்டர்சன் என்ற எழுத்தாளரும் கிளாஸ்கோவின் நரம்பியல் பேராசிரியர் பீட்டர் பீஹானும் சேர்ந்து எழுதியது. பெண்ணுடலிலிருந்து வரும் ஃபெரோமோன் என்னும் வாசனைப் பொருள் விரல் வழியாகத் தூண்டிலுக்குப் போய், பெரிய ஆண் சால்மனை ஈர்த்திருக்கலாம் என்ற ஊகத்தை அது முன்வைத்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: பெண்கள் பிடித்த மீன்களின் வரலாற்றை ஒரே இடத்தில் திரட்டிய நூலும் அதுதான். ஆனால் ஊரெல்லாம் பரவியது வரலாறு இல்லை, வாசனை. இன்றும் பாலன்டைனின் பெயர் வரும் இடங்களில் ஃபெரோமோனும் தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறது.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று ஒரு கவியும் ஒரு கடவுளும் மன்னன் சபையில் வாதாடிய கதையைச் சினிமாவாகவும் பார்த்து ரசித்தவர்கள் நாம். அந்தச் சபையில் கூந்தலுக்குரிய ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

வாசனைக்கும் மீனுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தூண்டில் நூல்களைப் புரட்டினால் நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பெருங்காயம், கற்பூரம், ஐவிக் கொடியின் பழத்திலிருந்து எடுத்த எண்ணெய், போதாததற்கு மனிதக் கொழுப்பு சேர்த்த களிம்பும் உண்டு. அறிவியல் இந்த விஷயத்தில் கைவைத்தது 1950களில். விஸ்பி, ஹாஸ்லர் என்ற இருவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஊர் திரும்பும் கோஹோ சால்மன்களைப் பிடித்து, சிலவற்றின் மூக்குத் துளைகளை அடைத்துவிட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பிறந்த ஓடையைத் தேடிப் போயின. அடைக்கப்பட்டவை வழி தடுமாறின. பிறந்த ஆற்றை முகர்ந்தே கண்டுபிடிக்கும் மீன் அது.

அதே காலத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னொரு சோதனை நடந்தது. சால்மன்கள் ஏறிவரும் நீர்ப்படிகளின் மேல்பக்கம் மனிதக் கையை நனைத்தார்கள். கீழே ஏறிக்கொண்டிருந்த மீன்கள் மிரண்டு பின்வாங்கின. கரடியின் பாதம் நனைந்த தண்ணீருக்கும் அப்படித்தான். பாலூட்டிகளின் தோலிலிருந்து நீரில் கரையும் செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று 1956இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. கரடியும் மனிதனும் மீனைத் தின்பவை. மீன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆக, கை வாசனை சால்மனை எட்டுகிறது என்றால், அது ஓட வைக்கும் வாசனை. இதைக் கேட்டுத் தூண்டில்காரர்கள் தத்துவத்தை விட்டுவிடவில்லை. பெண்ணின் தோலில் செரின் குறைவு, அதனால்தான் மீன் வருகிறது என்று திருப்பிக்கொண்டார்கள். முதலில் பெண்ணிடம் ஏதோ கூடுதலாக இருந்தது, பிறகு ஏதோ குறைவாக இருந்தது. இரண்டிலும் கைத்திறன் கணக்கில் வரவில்லை.

எல்லா மீனுக்கும் ஒரே மூக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கெளுத்தி கலங்கிய நீரில் மீசையால் தேடித் தின்னும். அதற்கு மணம்தான் எல்லாம். அமெரிக்கக் குளங்களில் பிள்ளைகள் பிடிக்கும் புளூகில் போன்ற சிறுமீன்கள் பார்த்து வருபவை. அருகில் வந்து உற்றுப் பார்த்து, உறிஞ்சி, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். ஃப்ளையில் மணம் தடவினால் துப்புவதற்குள் ஒரு நொடி கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான். அட்லாண்டிக் சால்மனோ ஆற்றுக்குள் வந்தபின் இரை தின்பதையே நிறுத்திவிடுகிறது. பசியில்லாத மீன் ஏன் கவ்வுகிறது என்ற கேள்வியில்தான் இத்தனை தத்துவமும் புகுந்துகொள்கிறது.

பாலன்டைனின் தூண்டிலில் இருந்ததோ ஃப்ளைகூட இல்லை. டேஸ் என்ற சிறு மீன். அந்த இரையின் மணத்தைத் தாண்டி அவர் விரல் மணத்தை சால்மன் பிரித்தறிந்தது என்று நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும்.

வாசனைத் தத்துவத்தை அதன் போக்கிலேயே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். பெண் விரல் பட்டதால் மீன் வருகிறது என்றால், அந்த ஃப்ளைகளைக் கட்டியது யார்? அமெரிக்காவின் வெர்மான்ட்டில், அப்பாவின் நிறுவனத்தில் ஃப்ளை கட்டும் பிரிவை 1876இல் பொறுப்பேற்ற மேரி ஆர்விஸ் மார்பரி, பெண்களை வைத்து அதை நடத்தினார். வாடிக்கையாளர்களின் கடிதங்களைத் திரட்டி 1892இல் அவர் கொண்டுவந்த பெரிய நூல், ஊருக்கு ஒரு பெயரில் குழம்பிக் கிடந்த ஃப்ளைகளுக்கு ஒழுங்கு தந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ஊசியும் தூண்டில் முள்ளும் செய்யும் பட்டறைகளில் ஃப்ளை கட்டியவர்களும் பெண்களே. மெயின் மாநிலத்தின் கேரி ஸ்டீவன்ஸ் தொப்பிக்கு இறகு வைத்துத் தைக்கும் தொழிலிலிருந்து வந்தவர். 1924இல் தான் கட்டிய ஃப்ளையில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் டிரவுட் மீனைத் தானே பிடித்துக் காட்டினார்.

நூலுக்கு மெழுகு தடவுவது, இறகை விரலால் நீவுவது, முடிச்சை நகத்தால் நெருக்குவது என்று ஒரு சால்மன் ஃப்ளை கட்டுபவரின் விரலிலேயே நெடுநேரம் கிடக்கும். எறிபவர் தொடுவது முடிச்சுப் போடும் அந்தச் சில நொடிகள்தான். பெண் மணம் வேலை செய்கிறது என்றால் ஆண்கள் சுவரில் மாட்டிவைத்த எத்தனையோ சால்மன்களின் பெருமை யாருக்குப் போக வேண்டும்? அப்படி ஒரு கணக்கை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. ஆண் பிடித்தால் திறமை என்றும் பெண் பிடித்தால் வாசனை என்றும் பிரிப்பதற்கு மட்டுமே அந்தத் தத்துவம் பயன்பட்டிருக்கிறது. உண்மையில் ஃப்ளையில் மணம் என்று ஏதாவது இருந்தால் அது மெழுகும் வார்னிஷும், இறகுப் பெட்டியில் பூச்சி வராமல் போட்டுவைக்கும் பாச்சை உருண்டையும்தான்.

பாலன்டைனிடம் என்ன இருந்தது என்பது ஒன்றும் மர்மமில்லை. அப்பா ஜேம்ஸ் அந்த ஆற்றிலேயே பாடுபட்டவர். மகள் ஆற்றங்கரையில் வளர்ந்து, சின்ன வயதிலிருந்தே தூண்டில் போட்டவர். முதல் உலகப்போரில் நர்ஸாக வேலை பார்த்தவர். எந்த மடுவில் மீன் தங்கும், எப்போது நூலை விட வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்பா, மகள் இருவருக்கும் தெரியும். பாதி வேலை துடுப்பில் இருந்தது, பாதி வேலை கழியில்.

கடைசியாக மேகன் பாய்ட். 1915இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் வடகோடியில், ப்ரோரா அருகே கடலைப் பார்த்த சிறு குடிசையில் தனியாக இருந்து, வாழ்நாளெல்லாம் ஃப்ளை கட்டினார். ஆண்கள் போடும் கோட்டும் டையும் அணிந்தார், தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டார். இளவரசர் சார்லஸ் அவரிடம் ஃப்ளை வாங்கினார். பாய்ட் தூண்டில் போட்டு மீன் பிடிக்கவில்லை. மீனைக் கொல்ல அவருக்கு மனமில்லை. 1971இல் பிரிட்டிஷ் அரசு பதக்கம் அறிவித்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று விழாவுக்குப் போகவில்லை. 2001இல் இறந்தார். கண் பார்வை மங்கியதால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டுவதை நிறுத்தியிருந்தார்.