முயல் சத்தம் கேட்டு வருவது கொயோட்டியா, கரடியா? - அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்?

புல்வெளியில் ஒரு முயல் வலியில் அலறுகிறது. சில நிமிடங்களில் நரிபோன்ற விலங்கு ஒன்று ஓடி வருகிறது. ஆனால் அங்கே முயலே இல்லை! புதருக்குள் உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரர் ஊதிய சிறிய ஊதுகுழலின் சத்தம்தான் அது.

இந்த மாதிரி அமெரிக்க வேட்டைக் காணொளிகள் உங்கள் சமூக ஊடகப் பக்கத்திலும் வந்திருக்கலாம். பார்ப்பதற்கு ரொம்ப எளிதாகத் தெரியும். ஆனால் மொன்டானா, வயோமிங் போன்ற மாநிலங்களில் அதே சத்தம் கரடியின் காதிலும் விழும். அதற்கும் அது சாப்பாட்டுக்கான அழைப்புதான்.

கொயோட்டி என்பது என்ன விலங்கு?

நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓநாயைவிடச் சிறியது. எடை சுமார் 9 முதல் 20 கிலோகிராம். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட் மொழியிலிருந்து அதன் பெயர் வந்தது. அறிவியல் பெயருக்குக் 'குரைக்கும் நாய்' என்று பொருள்.

ஒரு காலத்தில் அது பெரும்பாலும் மேற்கு, மத்திய சமவெளிகளில்தான் இருந்தது. மனிதர்கள் ஓநாய்களைக் கொன்று குவித்தார்கள், காடுகளையும் அழித்தார்கள். அந்த இடங்களுக்கெல்லாம் கொயோட்டி பரவியது. இன்று அலாஸ்காவிலிருந்து பனாமா வரை அதைப் பார்க்கலாம். சிக்காகோ, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களிலும் வாழ்கிறது.

ஏன் வேட்டையாடுகிறார்கள்?

ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் கொயோட்டிகள் கொல்வதாகப் பண்ணையாளர்கள் சொல்கிறார்கள். தோலுக்காகவும் பொழுதுபோக்காகவும் வேட்டையாடுவோரும் உண்டு. மொன்டானாவில் வசிப்பவர்கள் ஆண்டு முழுவதும் உரிமம் இல்லாமலேயே அதை வேட்டையாடலாம்.

எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஓரிடத்தில் கொயோட்டிகளைக் கொன்றால் அக்கம்பக்கத்திலிருந்து வேறு கொயோட்டிகள் வந்துவிடும் என்கிறார்கள் விமர்சகர்கள். அதிகமாகக் கொல்வோருக்குப் பரிசு தரும் போட்டிகளுக்குக் கலிஃபோர்னியா 2014இல் தடை விதித்தது. அதன் பிறகு வேறு சில மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

எப்படி 'அழைக்கிறார்கள்'?

இரண்டு வகைச் சத்தங்கள் உண்டு. ஒன்று, காயமடைந்த முயல் அல்லது மான்குட்டியின் அலறல். இன்னொன்று, கொயோட்டியின் ஊளை. ஜனவரி முதல் மார்ச் வரை இனப்பெருக்கக் காலம் என்பதால் ஊளைச் சத்தம் அப்போது நன்றாக வேலை செய்யும்.

சிலர் வாயால் ஊதுவார்கள். சிலர் தொலைவிலிருந்து இயக்கும் மின்னணு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவார்கள். ஓரிடத்தில் 15, 20 நிமிடம் காத்திருப்பார்கள். எதுவும் வரவில்லை என்றால் அடுத்த இடம்.

ஆனால் கொயோட்டி லேசுப்பட்டதல்ல. நேராக ஓடி வராமல், காற்று அடிக்கும் திசையைப் பார்த்துச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். மனித வாடை பட்டால் அவ்வளவுதான், திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். அதனால் தங்கள் வாடை எந்தப் பக்கம் போகிறது என்பதை வேட்டைக்காரர்கள் முதலில் கவனிப்பார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது?

கரடி வாழும் இடத்தில் நடைபயணம் செய்வோருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் இவை:

- சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள்
- கூட்டமாகச் செல்லுங்கள்
- விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் வெளியே போகாதீர்கள்

வேட்டைக்காரர் செய்வது அப்படியே தலைகீழ். தனியாகவோ இருவராகவோ போவார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்காருவார். உருமறைப்பு உடை அணிந்திருப்பார். விடியலில்தான் போவார். போதாததற்கு, இரையைப்போல் கத்துகிறார்!

ஆக, கரடிக்கு அங்கே மனிதர் இருப்பதே தெரியாது. மிக அருகில் வந்த பிறகுதான் தெரியும். அப்படித் திடுக்கிடும் கரடி, அதிலும் குட்டிகளுடன் இருக்கும் தாய்க்கரடி, ரொம்ப ஆபத்தானது.

பருவமும் முக்கியம். நடுக்குளிர்காலத்தில் கரடிகள் குகையில் உறங்கும். அப்போது ஆபத்து குறைவு. இலையுதிர்காலத்தில் கதையே வேறு. நீண்ட உறக்கத்துக்குத் தயாராகும் கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை சாப்பிடக்கூடும். எல்க் மான் வேட்டைக்காலமும் அப்போதுதான். காட்டில் விட்டுச்செல்லப்படும் மான் குடல்களும் கரடிகளை இழுக்கும்.

துப்பாக்கிதான் இருக்கிறதே, சுட்டுவிடலாமே?

அவ்வளவு எளிதல்ல. அலாஸ்காவையும் ஹவாயியையும் தவிர்த்த 48 மாநிலங்களில் கிரிஸ்லி கரடி 1975 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. உயிரைக் காத்துக்கொள்ள மட்டுமே அதைச் சுடலாம். கருங்கரடியைப் பல மாநிலங்களில் உரிமத்துடன், குறிப்பிட்ட பருவத்தில் வேட்டையாடலாம்.

இரண்டையும் நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது. கருங்கரடி பழுப்பு நிறத்திலும் இருக்கும். தோளைப் பாருங்கள்: கிரிஸ்லிக்குத் திமில்போன்ற மேடு இருக்கும்.

வேகமாகப் பாய்ந்துவரும் கரடியைச் சரியாகக் குறிபார்ப்பதும் கடினம். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, மிளகாய்ச் சாறு கலந்த 'கரடி ஸ்ப்ரே' 10இல் 9 முறைக்குமேல் பழுப்புக் கரடிகளைத் தடுத்து நிறுத்தியதாகக் கூறியது. 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, துப்பாக்கி வைத்திருந்தோர் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயமடைந்தோர் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது.

ஸ்ப்ரே பைக்குள் இருந்தால் பயனில்லை. இடுப்பிலோ மார்பிலோ இருக்கவேண்டும். முதுகை மரத்தின் மேலோ பாறையின் மேலோ சாய்த்து உட்காருவதும், ஒலிபெருக்கியைத் தங்களைவிட்டுத் தள்ளி வைப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். வரும் விலங்கின் கவனம் ஒலிபெருக்கி மேல் போகும்.

சரி, கரடி வந்துட்டா?

1. முதலில் அழைப்புச் சத்தத்தை நிறுத்தவேண்டும்.
2. அமைதியாகப் பேசவேண்டும். நீங்கள் மனிதர் என்பது அதற்குத் தெரியட்டும்.
3. மெதுவாகப் பின்வாங்கவேண்டும். ஓடவே கூடாது. கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.
4. பாய்ந்து வந்தால், சுமார் 9 மீட்டர் தூரத்தில் ஸ்ப்ரேயை அடிக்கவேண்டும்.
5. திடுக்கிட்ட கிரிஸ்லி மேலே விழுந்துவிட்டால், குப்புறப் படுத்து, கைகளால் கழுத்தின் பின்பக்கத்தை மூடிக்கொண்டு, அசையாமல் கிடக்கவேண்டும்.
6. கருங்கரடி தாக்கினால் எதிர்த்துப் போராடவேண்டும். எந்தக் கரடியாக இருந்தாலும், பின்தொடர்ந்து வந்து தாக்கினாலோ கூடாரத்துக்குள் புகுந்தாலோ இதேதான்.

வேட்டை முடிந்த பிறகும் கவனம் தேவை. இறைச்சியைத் தரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரத்தில், கூடாரத்திலிருந்து தள்ளித் தொங்கவிடுவார்கள். அதைக் கரடி எடுத்துக்கொண்டால்? விட்டுவிட வேண்டியதுதான். அதற்காக மல்லுக்கட்டுவது உயிருக்கே ஆபத்து.

உங்களுக்கு இது எப்போது உதவும்?

நீங்கள் வேட்டைக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் விடுமுறைக்கு எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். பூங்காவுக்குள் வேட்டைக்கு அனுமதியில்லை. கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. படம் எடுப்பதற்காக அந்தத் தூரத்தைக் குறைக்காதீர்கள். விலங்குகளைச் சத்தம் கொடுத்து அழைப்பதும் அங்கே குற்றம்.

கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, பதிவுசெய்யும் பெட்டியிலும்கூட. அங்கே போய் வாங்குங்கள். எப்படி இயக்குவது என்பதையும் நடக்கத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.