வாஷிங்டன்: ஒரு பெயரின் சரித்திரம்

1

ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் இங்கிலாந்தில் ஏராளம். அத்தகைய பெயர்களில் வாஷிங்டன் என்பது அந்த நாட்டில் அபூர்வமாகத் தென்படுகிற ஒன்று. அமெரிக்கத் தலைநகரின் காரணமாக அந்தச் சொல்லைக் கேட்டிராதவர்கள் உலகத்தில் குறைவு. அது பிறந்த தேசத்திலோ அதைக் குடும்பப் பெயராகச் சுமப்பவர்கள் சொற்பம். அமெரிக்காவில் 2000ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்கள் 1,63,036 பேர். இவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் கறுப்பர்கள். வெள்ளையர்கள் 5 சதவீத அளவில்தான். வட இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் பெயர், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் சந்ததியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

பெயராராய்ச்சி பெரும்பாலும் வேர்ச்சொல்லோடு திருப்தி அடைந்துவிடுகிறது. சொல்லைப் பிளந்து, இந்தப் பாகத்துக்கு இன்ன பொருள், அந்தப் பாகத்துக்கு இன்ன பொருள் என்று காட்டியதும் காரியம் முடிந்ததாக எண்ணம். இந்தப் பெயரையும் அப்படிப் பிளக்கலாம். கடைசியில் உள்ள 'டன்' பழைய ஆங்கிலத்தில் 'டூன்'. வேலியடைத்த இடம் என்பது அதன் ஆதிப் பொருள்; ஜெர்மன் பாஷையில் இதன் உடன்பிறந்த சொல்லுக்கு இன்றைக்கும் வேலி என்றுதான் அர்த்தம். வேலி பண்ணையாகி, பண்ணை ஊராயிற்று. முன்பாதி ஓர் ஆளின் பெயர்: ஹ்வாஸா என்பதுபோல் ஒன்று. ஹ்வாஸாவைச் சேர்ந்த பண்ணை. இந்த ஹ்வாஸா யார், எப்போது இருந்தான் என்று சொல்ல அந்தப் பண்ணையின் பெயரைத் தவிர வேறு சாட்சியம் எதுவும் இல்லை. தெற்கே ஸஸ்ஸெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் உண்டு. அதுவும் இதேபோல யாரோ ஒருவனின் பெயரில் எழுந்த பண்ணைதான். ஆக, வேர் நமக்குத் தருவது ஒரு வேலியையும் முகமற்ற ஒரு மனிதனையும். அந்த 1,63,036 பேரைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

2

ஊர்ப்பெயர் ஆளின் பெயராக மாறுவது இரண்டு விதங்களில் நடந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஊரை விட்டு வெளியேறியவனுக்கு அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொள்வது ஒரு விதம். ஓர் ஊருக்குள் எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள்தான் என்பதால் அங்கே அந்தப் பெயரால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. பிழைப்புக்காகப் பக்கத்துச் சந்தை ஊருக்குப் போனவனைத்தான் இன்ன ஊரிலிருந்து வந்தவன் என்று குறிப்பிட வேண்டியிருக்கிறது. இந்த வகைப் பெயர் பிரிவின் தழும்பு. சூட்டுகிறவர்களும் மற்றவர்கள்தான்.

மற்றது உடைமையாளனின் பெயர். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு நிலம் பெற்ற பிரபுக்கள், தாங்கள் ஆண்ட நிலத்தின் பெயரால் தங்களை அழைத்துக்கொண்டார்கள். இவர்கள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஊர் அவர்களுடையது என்பதற்கான பத்திரம்தான் அந்தப் பெயர்.

வாஷிங்டன் குடும்பத்தின் பெயர் இந்த இரண்டாவது ரகம். 1086இல் தயாரான டூம்ஸ்டே நிலக் கணக்கு டர்ஹம் பிரதேசத்தைத் தொடவில்லை. அங்கே ராஜாவைப்போல அதிகாரம் செலுத்தியவர் டர்ஹம் பிஷப். பிஷப் ஹ்யூ டு ப்யூஸே தம்முடைய வருமானத்தைக் கணக்கெடுத்து 1183இல் எழுதுவித்த ஏட்டுக்குப் போல்டன் புத்தகம் என்று பெயர். அதில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்று ஒருவன் வருகிறான். ஹெர்ட்பர்ன் கிராமத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வெஸ்ஸிங்டனை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு 4 பவுன் செலுத்துகிறான். பிஷப்பின் பெருவேட்டைக்கு 4 வேட்டை நாய்களோடு போகிறான். குறிப்பு இவ்வளவுதான். நிலத்தை மாற்றிக்கொண்டதும் பெயரும் மாறிவிட்டது. ஹெர்ட்பர்ன்காரனின் வம்சம் டி வெஸ்ஸிங்டன் ஆயிற்று.

இது சாதாரண விஷயமில்லை. குடும்பப் பெயர் ரத்தத்தின் அடையாளம், வம்சத்தின் தொடர்ச்சி என்றெல்லாம் பேசுகிறவர்கள், அதன் தொடக்கத்திலேயே ஒரு பண்டமாற்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பேரம் நடக்காமல் போயிருந்தால் அமெரிக்காவின் தலைநகரத்துக்கு ஹெர்ட்பர்ன் என்று பெயர் இருந்திருக்கும். பெயர் அன்று நிலத்துக்கு உரியது. மனிதன் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தான்.

பிறகுதான் பெயர் நிலத்தை விட்டுக் கழன்றது. 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களின் பெயர்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் சொத்தாக நிலைத்துவிட்டன. 1400ஐ ஒட்டி வாஷிங்டன் கிராமம், ஆண் வாரிசு இல்லாமல், மகள் வழியாக வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. கிளைக் குடும்பம் ஒன்று அதற்கு முன்பே மேற்கே வெஸ்ட்மோர்லாந்துக்கும், பின்னர் லங்காஷயரில் உள்ள வார்ட்டனுக்கும் போய்விட்டிருந்தது. ஊரை ஆண்டவனின் பெயர் இப்போது ஊரை விட்டுப் போனவனின் பெயராயிற்று.

3

இந்தக் கிளையில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வியாபாரி; நார்தாம்ப்டனின் மேயராக இருந்தவன். எட்டாம் ஹென்றி கிறிஸ்தவ மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539இல் ஸல்கிரேவ் என்ற ஊரின் நிலத்தை வாங்கினான். அவன் வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ், எஸ்ஸெக்ஸில் பர்லே என்ற ஊரின் பாதிரியார். உள்நாட்டு யுத்தத்தின்போது, 1643இல், சாராயக் கடைகளே கதி என்று கிடக்கிறார் என்ற குற்றச்சாட்டின் பேரில் பார்லிமெண்ட் கட்சியினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். குடும்பம் நொடித்தது. அவருடைய மகன் ஜான் புகையிலைக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து 1657ஐ ஒட்டி வர்ஜீனியா போய் அங்கேயே தங்கிவிட்டான். அவனுடைய கொள்ளுப்பேரன் ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜார்ஜ் 1732இல் பிறந்தார். 1743இல் தகப்பன் இறந்தபோது 11 வயதுப் பையனுக்கு வந்த பங்கில் நிலத்தோடு 10 அடிமைகளும் இருந்தார்கள். 1799இல் அவர் இறந்த வருஷம் மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். இவர்களில் 123 பேர் அவருடைய சொந்த உடைமை; மற்றவர்களில் பெரும்பாலோர் அவர் மனைவியின் முதல் கணவர் வழிச் சொத்து. தம்முடைய அடிமைகள் தம் மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலையாக வேண்டும் என்று உயில் எழுதினார். அந்த அம்மாள் 1801 ஜனவரியிலேயே அவர்களை விடுவித்துவிட்டாள்.

ஜார்ஜுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பெயரைச் சுமந்தவர்களிலேயே மிகப் பிரசித்தமானவர் அதை யாருக்கும் கொடுக்காமல் போனார். ரத்த வழியில் அதைப் பரப்பியது அவருடைய சகோதரர்களின் சந்ததிதான். அது பெரிய கூட்டம் அல்ல.

4

கறுப்பர்களுக்கு இந்தப் பெயர் வந்த விதம் பற்றிச் சுலபமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு: எஜமானின் பெயர் அடிமைக்கு ஒட்டிக்கொண்டது என்பது. கால்நடைக்குச் சூடு போடுவதுபோல. ஜார்ஜிடமும் அவருடைய உறவினர்களிடமும் அடிமைகளாக இருந்த சிலரைப் பொறுத்தவரை இது உண்மையாக இருக்கலாம். ஆனால் 123 பேரின் விடுதலையை வைத்துக்கொண்டு தென் மாநிலங்கள் முழுவதும் பரவிய ஒரு பெயரை விளக்கிவிட முடியாது. அதோடு இந்தப் பதிலுக்கு அடியில் ஓர் அலட்சியம் இருக்கிறது. அடிமை தன் பெயர் விஷயத்திலும் வெறும் சடப்பொருள் என்று அது முடிவுகட்டிவிடுகிறது.

உண்மையில் எஜமான்கள் அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் கொடுப்பதில் அக்கறை காட்டவில்லை. மவுண்ட் வெர்னன் பட்டியலில் பெரும்பாலும் முதற்பெயர் மட்டும்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் அதுவும் கிடையாது. சொந்தக்காரனின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவே. குடும்பப் பெயர் இருந்தால் குடும்பம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்; குடும்பம் இருக்கிறதென்றால் பிரித்து விற்பது சிரமம்.

இருந்தும் அடிமைகள் தங்களுக்குள் குடும்பப் பெயர்களை வைத்திருந்தார்கள். ஹெர்பர்ட் கட்மன் கறுப்பர் குடும்பம் பற்றி 1976இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக நிறுவியது. பலர் வைத்திருந்தது அப்போதைய எஜமானின் பெயர் அல்ல. தாயோ பாட்டனோ முன்னொரு காலத்தில் இருந்த பண்ணையின் பெயர். விற்பனையில் சிதறிப்போன உறவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் சொந்தப் பணியாளே இதற்கு உதாரணம். யுத்த காலம் முழுவதும் அவர் பக்கத்திலேயே இருந்த வில்லியம் என்ற அடிமை தன்னை வில்லியம் லீ என்றுதான் சொல்லிக்கொண்டான். லீ என்பது 1768இல் அவனை விற்ற குடும்பத்தின் பெயர். உயிலில் உடனடி விடுதலை கொடுக்கப்பட்ட ஒரே ஆள் அவன்தான். தன்னை லீ என்று அழைத்துக்கொள்கிறவன் என்றே எஜமானும் அதில் எழுத வேண்டியிருந்தது. 30 வருஷத்துக்கு மேல் வாஷிங்டனுக்குச் சொந்தமாக இருந்தவன் வாஷிங்டன் ஆகவில்லை.

ஆனவன் ஒருவன் உண்டு: ஹாரி. ஆப்பிரிக்காவில் பிறந்தவன், 1763இல் வாங்கப்பட்டவன். 1776இல் தப்பி, விடுதலை தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் படையில் சேர்ந்துகொண்டான். 1783இல் பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலி செய்தபோது கப்பலேறிய கறுப்பர்களின் பதிவேட்டில் ஹாரி வாஷிங்டன் என்று அவன் பெயர் ஏறியது. ஜெனரல் வாஷிங்டனின் முன்னாள் உடைமை என்ற விவரத்தோடு. முதலில் நோவா ஸ்கோஷியா, பிறகு 1792இல் சியரா லியோன். அங்கே குடியேற்றத்தை நடத்திய கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டது. 1800இல் அந்த வரியை எதிர்த்து எழுந்தவர்களில் ஹாரியும் ஒருவன். தோற்றவர்களோடு நாடு கடத்தப்பட்டான். நிலத்துக்கு 4 பவுன் கட்டிப் பெயரைப் பெற்ற வில்லியமையும், நிலத்துக்கு வரி கட்ட மாட்டேன் என்று நின்ற இந்த ஹாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இருவரில் பெயருக்கு அதிக விலை கொடுத்தவன் யார் என்பதில் சந்தேகமில்லை.

5

பெரும் பரவல் நிகழ்ந்தது 1865க்குப் பிறகு. விடுதலையானவர்களுக்குச் சம்பளக் கணக்கிலும், திருமணப் பதிவிலும், பள்ளிக்கூடத்திலும், வாக்காளர் பட்டியலிலும் இரண்டாவது பெயர் தேவைப்பட்டது. 1870 கணக்கெடுப்பில்தான் முன்னாள் அடிமைகள் எல்லோரும் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். பலரிடம் ஏற்கனவே இருந்த பெயர் வெளியே வந்தது. இல்லாதவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் புக்கர் டி. வாஷிங்டன். 1856இல் அடிமையாகப் பிறந்தவர். பின்னாளில் டஸ்கீகீ கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்தவர். 1901இல் வெளியான சுயசரிதையில் இதைச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனிக்கிறான் சிறுவன். அவனுக்கு இருந்தது புக்கர் மட்டும். தன் முறை வந்ததும், வாழ்நாளெல்லாம் அதுவே பெயராக இருந்ததுபோல, புக்கர் வாஷிங்டன் என்று சொல்லிவிடுகிறான். அவனுடைய மாற்றாந்தகப்பனின் முதற்பெயர் வாஷிங்டன். ஜனாதிபதியின் பெயரைப் பிள்ளைகளுக்கு முதற்பெயராக வைப்பது அப்போது கறுப்பர் வெள்ளையர் இருவரிடமும் இருந்த வழக்கம். குடும்பப் பெயர் இட்ட பெயராகி மறுபடி குடும்பப் பெயராகியிருக்கிறது, ஒரு பையன் எழுந்து நின்று பதில் சொன்ன நேரத்தில்.

அதே நூலில் இன்னொரு முக்கியமான அவதானிப்பு இருக்கிறது. விடுதலை வந்ததும் ஜனங்கள் இரண்டு காரியங்களை அவசியமாகக் கருதினார்கள் என்கிறார்: பெயரை மாற்றிக்கொள்வது, சில நாட்களுக்காவது பண்ணையை விட்டு வெளியே போய்வருவது. ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகும் முதல் விதத்தை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஊரை விட்டுப் போனவனுக்கே ஊர்ப்பெயர் வந்தது. மத்தியகால இங்கிலாந்தில் நடந்த அதே செயல், போவதும் பெயர் பெறுவதும், மறுபடி நிகழ்கிறது. அங்கே பெயரை வைத்தது மற்றவர்கள். இங்கே போனவனே வைத்துக்கொள்கிறான்.

இதை விசுவாசம் என்று மட்டும் படித்துவிட முடியாது. விடுதலைப் பிரகடனம் செய்த லிங்கனின் பெயரும் ஊர்ப்பெயர்தான். அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்களில் கறுப்பர்கள் சிறுபான்மையே. நன்றி மட்டுமே காரணம் என்றால் கணக்கு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். நாட்டை ஸ்தாபித்தவன் என்று சொல்லப்பட்டவனின் பெயரை எடுத்துக்கொள்வதில் இந்த நாட்டில் எனக்கும் பங்கு உண்டு என்ற உரிமைக் கோரல் இருந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

1950களில் மால்கம் எக்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் இத்தகைய பெயர்களை அடிமைப் பெயர்கள் என்று உதறினார்கள். பிடுங்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெயரின் வெற்றிடத்தில் அவர்கள் நிறுத்திய அந்த ஒற்றை எழுத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் அந்த உதறலும் ஒரு விதத்தில் வேரையே நம்புகிறது: பெயரின் அர்த்தம் அது முதலில் யாருடையதாக இருந்ததோ அவர்களிடமே இருக்கிறது என்று. அப்படியானால் வாஷிங்டன் இன்றும் ஹ்வாஸாவின் பெயர்தான்; பிஷப்போடு பேரம் பேசியவன்கூட இரவல்காரன்தான். சொல்லின் அர்த்தம் அதைப் பிரயோகித்தவர்கள் அதில் ஏற்றியது. எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் வேரின் கவர்ச்சியில் நாமும் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

டர்ஹம் பக்கத்து வாஷிங்டன் பின்னாளில் நிலக்கரிச் சுரங்க ஊராகியது. பிரபுவின் இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை, 19ஆம் நூற்றாண்டில் தடுத்துத் தடுத்து 9 குடும்பங்கள் வாடகைக்கு இருந்த குடியிருப்பாயிற்று. 1930களில் இடிக்கத் தீர்மானித்தார்கள். ஊரார் காப்பாற்றி, 1955இல் அமெரிக்கத் தூதரைக் கொண்டு திறந்தார்கள். 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் அந்த ஊருக்கு வந்துபோனார். வேரைப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது. பெயர் வாழ்வது கடலுக்கு அந்தப் பக்கத்தில். அந்தக் கிராமத்தையோ ஹ்வாஸாவையோ அறிய அவசியம் நேராதவர்களிடம்.