நீரிழிவும் எலியின் குடலும்

நீரிழிவு என்றவுடன் நாம் கணையத்தையே நினைக்கிறோம். 1889இல் ஸ்டிராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதற்கு நீரிழிவு கண்டது; அன்று வேரூன்றிய எண்ணம் இது.

குடலைப் பற்றிய பாடமோ எலிகளிடமிருந்து வந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெற்ற ஸ்டிரெப்டோசோட்டோசின் என்னும் மருந்து எலிகளுக்கும் நாய்களுக்கும் நீரிழிவை உண்டாக்குவது 1963இல் தெரியவந்தது. இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அது அழித்துவிடும். பின்னர் அவ்வகை எலிகளை ஆராய்ந்தோர் கண்டது வியப்பானது: உடல் மெலிந்திருக்க, சிறுகுடல் மட்டும் பருத்து வளர்ந்திருந்தது! சர்க்கரையை முன்னிலும் மிகுதியாக உறிஞ்சவும் செய்தது. நோயுற்ற உடலுக்குக் குடலே மேலும் சர்க்கரை ஊட்டும் இக்கொடுமையை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம் என்பேன். எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் நேரும் என்று மட்டும் கூறிவிடக் கூடாது.

பெற்றோர்களே, ‘இனிப்புநீர்’ உள்ள பாட்டிக்கு ஏன் மலச்சிக்கல் எனப் பிள்ளை கேட்டால், குடல் நரம்புகளையும் அந்நோய் பழுதாக்கக்கூடும் என்று சொல்லுங்கள். இவ்வெலிகளிலும் அதனைக் கண்டிருக்கின்றனர்.