பஹாமாஸில் கிடைத்த புத்தகம்

பீட்டில்ஸின் இந்தியத் தேடல் என்றாலே 1968-ஐயும் தியான குரு மகரிஷி மகேஷ் யோகியையும்தான் சொல்வார்கள். கதை அதற்கு மூன்று வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

1965 பிப்ரவரி 25. 'ஹெல்ப்!' படப்பிடிப்புக்காக நால்வரும் பஹாமாஸ் தீவுகளில் இருந்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அன்று 22-வது பிறந்த நாள். காவி உடுத்திய துறவி ஒருவர் வந்து, ஆளுக்கொரு யோகா புத்தகத்தைக் கொடுத்தார். அவர் சுவாமி விஷ்ணுதேவானந்தா. அவருடைய குரு சிவானந்தர், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, பிறகு ரிஷிகேஷில் ஆசிரமம் அமைத்தவர். அந்த ரிஷிகேஷுக்கே ஒருநாள் வந்து சேரப்போகிறோம் என்று நால்வரில் எவருக்கும் அப்போது தெரியாது.

அதே படத்தின் ஒரு காட்சிக்காக வந்திருந்த சிதார்தான் ஜார்ஜின் கையில் முதலில் ஏறியது. 1966-இல் பண்டிட் ரவிசங்கரிடம் சேர்ந்தார். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி மணி அடிக்க, ஜார்ஜ் எழுந்து சிதாரைத் தாண்டிக் கால் வைத்தார். காலில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது. வாத்தியத்துக்கு மரியாதை கொடு என்றார் குரு. உலகமே கொண்டாடிய இளைஞன் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த செப்டம்பரிலேயே பம்பாய்க்கு வந்து பாடம் தொடர்ந்தார். ஜார்ஜின் தேடல் உண்மையானது என்பதற்கு எனக்கு இந்த ஒன்றே போதும்.

1967 ஆகஸ்டில் லண்டனில் மகரிஷியின் உரையைக் கேட்டு, மறுநாளே பீட்டில்ஸ் அவரோடு வேல்ஸில் உள்ள பாங்கருக்குப் போனார்கள். அங்கே இருக்கும்போதுதான் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் இறந்த செய்தி வந்தது. தங்களை வளர்த்துவிட்டவரை இழந்து தவித்த அந்த நேரத்தில் தியானம் அவர்களுக்குப் பெரிய பிடிமானமாயிற்று.

1968 பிப்ரவரியில் ரிஷிகேஷில் இருந்த மகரிஷியின் ஆசிரமத்துக்கு வந்தார்கள். ரிங்கோ ஸ்டாரின் வயிறு சின்ன வயதிலிருந்தே நோய்ப்பட்டது. டின்னில் அடைத்த பீன்ஸைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தும் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பால் மெக்கார்ட்னி மார்ச்சில் கிளம்பினார். அடுத்த ஆல்பத்தைப் பற்றி பால் பேசியபோது, தியானம் செய்ய வந்த இடத்தில் இதென்ன பேச்சு என்று ஜார்ஜ் கடிந்துகொண்டார். ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. கூட வந்திருந்த ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவன், கிடார் தந்திகளை விரல்களால் மீட்டும் முறையை ஜான் லெனனுக்குக் கற்றுக்கொடுத்தார். பிரூடன்ஸ் ஃபாரோ என்ற பெண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகத் தியானத்தில் மூழ்கிவிட, அவரை வெளியே அழைப்பதே ஒரு பாட்டானது. அவ்வருட நவம்பரில் வந்த 'ஒயிட் ஆல்ப'த்தின் பாடல்களில் பெரும்பகுதி அங்கே பிறந்தவை.

ஏப்ரலில் மகரிஷியின் நடத்தை பற்றி ஒரு புகார் கிளம்பியது. அது நிரூபிக்கப்படவே இல்லை. ஜானும் ஜார்ஜும் மனக்கசப்போடு புறப்பட்டார்கள். ஜான் அந்தக் கோபத்தையும் ஒரு பாட்டாக்கினார். இந்தியா அவர்களை ஏமாற்றிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது ஜார்ஜுக்குச் செய்யும் அநியாயம்.

பல வருடம் கழித்து மகரிஷியைச் சந்தித்து ஜார்ஜ் மன்னிப்புக் கேட்டார். ஹரே கிருஷ்ண பக்தர்கள் பாடிய மந்திரத்தை 1969-இல் இசைத்தட்டாக்கினார். 1973-இல் லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய மாளிகையை வாங்கி அவர்களுக்குக் கொடுத்தார்; இன்றும் அங்கே பூஜை நடக்கிறது. 1971-இல், வங்க அகதிகளின் துயரத்தை ரவிசங்கர் எடுத்துச் சொன்னதும், நண்பர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து நியூயார்க்கில் ஒரு மேடைக்குத் திரட்டினார். அந்த ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடந்ததை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)