சுவாதீன் பங்ளா பேதார் கேந்திரா

1971 வங்கதேச விடுதலைப் போரின்போது கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலை 57/8-ஆம் எண் வீட்டிலிருந்து இயங்கிய வானொலி நிலையம். பெயருக்குச் சுதந்திர வங்க வானொலி நிலையம் என்று பொருள். மார்ச் 26 அன்று சிட்டகாங்கை அடுத்த காலூர்காட்டில் பேலால் முகமதுவும் சக ஊழியர்களும் இதைத் தொடங்கினார்கள். நான்கே நாளில் பாகிஸ்தான் விமானப்படை அந்த இடத்தில் குண்டு வீசியது. எஞ்சிய ஒரு கிலோவாட் ஒலிபரப்பியுடன் திரிபுராவுக்கு வந்து சில வாரங்கள் சமாளித்தார்கள். பிறகு இந்திய அரசு 50 கிலோவாட் ஒலிபரப்பியைத் தர, மே 25 முதல் பாலிகஞ்ச் வீட்டில் வேலை நடந்தது. தங்குவதும் எழுதுவதும் ஒலிப்பதிவும் அங்கேயேதான். கமால் லோகானி செய்திப் பிரிவைக் கவனித்தார். ஆலம்கீர் கபீர் ஆங்கிலத்தில் பேசினார். எம். ஆர். அக்தர் முகுல் டாக்கா வட்டார வழக்கில் வாசித்த ‘சரம்பத்ரா’ என்ற நையாண்டி நிகழ்ச்சி டிசம்பர் 16 வரை நீடித்தது.

இந்த நிலையத்தைச் சுதந்திர இதழியலின் மரபில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை; கேட்பவர்களின் காசில் இது நடக்கவில்லை. வாசகர் காசு கொடுத்து வாங்கிய பத்திரிகைகளை பாகிஸ்தான் ராணுவம் எரித்துவிட்ட வெற்றிடத்தில்தான் இது எழுந்தது. மார்ச் இறுதியில் டாக்காவில் ‘இத்தஃபாக்’, ‘தி பீப்பிள்’, ‘சங்பாத்’ அலுவலகங்கள் தீக்கிரையாயின. ‘ஷிலாலிபி’ என்ற சிறுபத்திரிகையைத் தன் முயற்சியில் நடத்திய செலினா பர்வீன், அதன் விற்பனைப் பணத்திலிருந்து விடுதலைப் போராளிகளுக்கு உதவினார். டிசம்பர் 13 அன்று அவரைக் கடத்திச் சென்று கொன்றார்கள். வாசகரும் பத்திரிகையும் நேராக ஒருவரையொருவர் தாங்கிய உறவு அது. அந்த உறவு அறுந்த பிறகு மிஞ்சியது அரசு கொடுத்த ஒலிபரப்பி.

ஆக்கிரமிப்பில் சிக்கிய மக்கள் எல்லை தாண்டிச் சந்தா அனுப்ப முடியுமா, உயிருக்கு அஞ்சாமல் ரகசியமாகக் கேட்டார்களே, அதைவிடப் பெரிய விலை எது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் துணிவை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆபத்தை ஏற்றுக் கேட்டவருக்கு நிகழ்ச்சியைத் திருத்தவோ கணக்குக் கேட்கவோ வழியில்லை; அந்த உரிமை நாடுகடந்த வங்கதேச அரசான முஜிப்நகர் அரசிடமும் அதற்குத் துணை நின்ற டெல்லியிடமும் இருந்தது. போர்க்காலத்தில் பரப்புரையே போதும் என்ற வாதமும் நிற்காது. ராணுவக் கொலைகளை உலகம் நம்பச் செய்ததில் பெரும்பங்கு, ஜூன் 13 அன்று லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ வெளியிட்ட ஆன்டனி மஸ்கரேனஸின் கட்டுரைக்கு உண்டு. கராச்சிப் பத்திரிகையாளரான அவர் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறித்தான் அதை எழுத முடிந்தது. போரிட்ட எந்தத் தரப்பும் அந்தத் தாளுக்குப் படியளக்கவில்லை. அது விற்பனையிலும் விளம்பரத்திலும் வாழ்ந்தது. அதனாலேயே அதன் சொல் எடுபட்டது.

இந்தியா வங்கதேசத்தை அங்கீகரித்த டிசம்பர் 6 அன்று நிலையம் ‘பங்ளாதேஷ் பேதார்’ ஆனது. வெற்றிக்குப் பின் டாக்கா அரசின் ஒரு துறையாயிற்று. 1975 ஆகஸ்ட் 15 அன்று வங்கதேசக் குடியரசுத் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமான் கொல்லப்பட்ட செய்தியை, கொன்ற அணியைச் சேர்ந்த மேஜர் தாலிம் அதே வானொலியில்தான் அறிவித்தார். அன்றே அதன் பெயர் ‘ரேடியோ பங்ளாதேஷ்’ என்று மாற்றப்பட்டது. பழைய பெயர் திரும்ப 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.